பீட்ரூட் சாயம் பச்சைத் தண்ணீரில் ஏன் இறங்கவில்லை? (செல் சவ்வு பற்றிய இழை)

மாடித்தோட்டம்:
சின்ன சந்தேகம், சிரிக்காதீர்கள். நேற்று பீட்ரூட் நறுக்கி, மூன்று தடவை அலசிவிட்டுத் தண்ணீரில் போட்டு வைத்தேன். போன் வந்தது, பேசிவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தண்ணீர் லேசான ரோஸ் நிறம், அவ்வளவுதான். அதே துண்டுகளை அடுப்பில் ஏற்றினேன், கொதி வருவதற்குள் தண்ணீர் முழுக்கக் குங்குமக் கரைசல். ப்ளஸ் ஒன் படிக்கும் மகளைக் கேட்டால், "செல் சவ்வும்மா, தேர்வு கடத்து சவ்வு, சிலதை விடும், சிலதை விடாது, அஞ்சு மார்க் கேள்வி" என்கிறாள். சரிடி, அது எப்படித் தேர்வு செய்கிறது, சூடு பட்டதும் ஏன் தேர்வை விட்டுவிடுகிறது என்றால் "அது கேக்க மாட்டாங்க" என்று போய்விட்டாள். இங்கே யாராவது சொல்லுங்களேன்.

வெண்டைக்காய்:
காய் வெந்தால் செல் சுவர் உடையும், உள்ளே இருப்பது வெளியே வரும். இதற்கு எதற்கு ஒரு இழை?

ஆய்வகப்பூனை:
வெண்டைக்காய் அண்ணா, சுவர் இல்லை. தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆன சல்லடை. பீட்ரூட்டின் நிறமி அந்தச் சல்லடையில் தாராளமாகப் போய்வரக்கூடிய அளவுதான். சுவர் மட்டும் காவல் என்றால் பச்சைத் தண்ணீரிலேயே மொத்தச் சாயமும் இறங்கியிருக்கும்.

நிறமி இருப்பது செல்லின் நடுவே இருக்கும் பெரிய நுண்குமிழ்ப் பைக்குள். அது வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: பையைச் சுற்றிய சவ்வு ஒன்று, செல்லைச் சுற்றிய சவ்வு இன்னொன்று. மேடம் அலசும்போது போன சாயம் கத்தி கிழித்த செல்களுடையது. அலசிய பிறகு மிச்சம் இருப்பவை முழுச் செல்கள், அதனால்தான் தண்ணீர் ரோஸ் நிறத்தோடு நின்றுவிட்டது.

50, 60 டிகிரி தாண்டினால் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் உருக்குலைகின்றன, கொழுப்பு அடுக்கும் தளர்ந்துபோகிறது. காவல் போனது, சாயமும் போனது. கல்லூரி முதலாண்டு ஆய்வகத்தில் இதைத்தான் வெவ்வேறு சூட்டில் செய்து அளக்கச் சொல்வார்கள்.

வெண்டைக்காய்:
சரி, சுவர் வேறு சவ்வு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொழுப்பு என்கிறீர்கள். கொழுப்பால் ஆன பை எப்படித் தண்ணீருக்குள் உடையாமல் நிற்கும்? ஏதாவது பிணைப்பு போட்டு இறுக்கியிருக்க வேண்டுமே.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல கேள்வி தம்பி. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினேன், இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். விடை: யாரும் இறுக்கவில்லை. ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே வேதிப் பிணைப்பே கிடையாது.

ரசத்தின் மேல் நெய்ப் பொட்டுகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பொட்டு அருகே வந்தால் சேர்ந்து ஒன்றாகிவிடும். நெய்க்கு நெய் மேல் பாசம் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர்தான் நெய்யை ஒதுக்குகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்ளவே விரும்பும், நடுவில் எண்ணெய் வந்தால் அந்தக் கோவை குலைகிறது, ஆகவே எண்ணெயை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

சவ்வின் மூலக்கூறு பாஸ்போலிப்பிட். அதற்கு ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட், அது தண்ணீரோடு ஒட்டும். வால் இரண்டும் கொழுப்பு அமிலம், தண்ணீர் ஆகாது. இப்படிப்பட்ட கோடிக்கணக்கான மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் அவை தாமாகவே இரண்டு வரிசையாக நிற்கும், தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்து, வால்கள் நடுவில் ஒளிந்து. ஓரம் என்று ஒன்று இருந்தால் அங்கே வால் நனையும், அதனால் ஓரமே இல்லாமல் வளைந்து உருண்டையாக மூடிக்கொள்ளும். சின்னக் கிழிசல் விழுந்தாலும் அதே காரணத்தால் தானே சேரும். மொத்தத் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்.

மாடித்தோட்டம்:
5 நானோமீட்டர் என்றால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை சார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அது எவ்வளவு மெல்லியது என்று பார்க்க ஒரு கதை: 1774-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் ஒரு சேதி எழுதினார். லண்டனுக்குப் பக்கத்தில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டாராம். அது பரவிப் பரவி அரை ஏக்கர் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டதாம். நம் கணக்கில் 50 சென்ட், கிட்டத்தட்ட 2,000 சதுர மீட்டர். டீஸ்பூனை 5 மில்லி என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள், 2.5 நானோமீட்டர் வரும். ஒரு மூலக்கூறு உயரப் படலம். அதை இரண்டாக அடுக்கினால் உங்கள் செல் சவ்வு. பிராங்கிளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை, செய்திருந்தால் மூலக்கூறின் அளவை அன்றே சொல்லியிருக்கலாம்.

தீவகத்தான்:
வணக்கம். நாங்கள் இதைக் கலமென்சவ்வு எண்டு படிச்சனாங்கள், தண்ணி சவ்வு வழியாப் போறதை, நீங்கள் சவ்வூடு பரவல் எண்டுறதை, நாங்கள் பிரசாரணம் எண்டுவம். பெயர் எதுவாயிருந்தாலும் எனக்கொரு கேள்வி. இரண்டு அடுக்கு எண்டு எப்படிக் கண்டுபிடிச்சவை? ஒரு அடுக்கோ மூன்று அடுக்கோ எண்டு ஆர் எண்ணினது? ஏ.எல். படிக்கேக்க வாத்தியாரைக் கேட்டனான், படத்தைப் பார் எண்டார்.

ஆய்வகப்பூனை:
எனக்கு மிகப் பிடித்த கதை இது. 1925, நெதர்லாந்தின் லைடன் நகரம். கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டெல் என்ற அவருடைய கூட்டாளியும் சிவப்பணுக்களை எடுத்தார்கள். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் உட்கருவும் கிடையாது, வேறு சவ்வுகளும் கிடையாது. அதில் கொழுப்பு இருந்தால் அது வெளிச்சவ்வின் கொழுப்புதான். அசிட்டோனில் அதைக் கரைத்தெடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்தார்கள். அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆகவே இரண்டு அடுக்கு.

இப்போது வேடிக்கை. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் கரைத்தெடுக்காது, கொஞ்சம் அணுவிலேயே தங்கிவிடும். அதனால் கொழுப்பைக் குறைவாகக் கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கம், உலர்ந்த அணுக்களை அளந்ததால் மேற்பரப்பையும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சரியான விடை வந்துவிட்டது. 1960-களில் மறுபடி அளந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

வெண்டைக்காய்:
பரீட்சையில் நான் செய்தது இதுதான், எனக்கு மட்டும் மார்க் போடவில்லை.

ஆய்வகப்பூனை:
:) அவர்கள் கேட்ட கேள்வி சரி அண்ணா, அதற்குத்தான் மார்க்.

தீவகத்தான்:
அருமை. அப்ப புரதங்கள் எங்க இருக்குது? எங்கட பழைய புத்தகத்தில ரொட்டிக்கு நடுவில வெண்ணெய் பூசின மாதிரி ஒரு படம் இருந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அது 1935-இல் டேவ்சனும் டேனியெல்லியும் சொன்னது. நடுவில் கொழுப்பு, இரு பக்கமும் புரதப் பூச்சு. 1950-களில் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு கரும் கோடு, நடுவில் வெளிச்சக் கோடு, ரயில் தண்டவாளம் போலத் தெரிந்தது. ராபர்ட்சன் அதைப் பார்த்துவிட்டு, கரும் கோடுகள் புரதப் பூச்சு என்றார். எல்லாச் சவ்வும் ஒரே கட்டமைப்பு என்று 1959-இல் முடிவும் கட்டிவிட்டார். நான் படித்தபோது இதை மனப்பாடம் செய்தேன், சில வருஷம் நடத்தவும் செய்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கு இடித்தது. நரம்பைச் சுற்றிய மயலின் உறையில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பு. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்விலோ முக்கால் பங்கு புரதம். எல்லாவற்றுக்கும் ஒரே ரொட்டி, ஒரே வெண்ணெய் என்றால் இது எப்படி? பல புரதங்களைச் சவ்விலிருந்து பிரிக்கச் சோப்பு போன்ற பொருள் தேவைப்பட்டது, வெறும் உப்புக் கரைசலுக்கு அவை அசையவில்லை. மேலே பூசியிருந்தால் அலசினாலே வந்திருக்குமே. அப்படியென்றால் அவை கொழுப்புக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும்.

1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய பாய்ம மாதிரிதான் இன்றுவரை அடிப்படை. கொழுப்பு ஏரி, அதில் புரதங்கள் மிதக்கின்றன. சில இக்கரையிலிருந்து அக்கரைவரை ஊடுருவி, சில ஓர் ஓரத்தில் மட்டும்.

வெண்டைக்காய்:
மிதக்கின்றன என்பது உவமையா, நிஜமாகவே நகர்கின்றனவா?

ஆய்வகப்பூனை:
நிஜமாகவே. 1970-இல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒரு வைரஸின் துணையால் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கினார்கள். எலியின் சவ்வுப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு இன்னொரு நிறம். தொடக்கத்தில் பாதிக்குப் பாதி. 37 டிகிரியில் 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கலந்துவிட்டன. சூட்டைக் குறைத்தால் கலப்பது நின்றுபோனது.

கொழுப்பு மூலக்கூறு இன்னும் வேகம், ஒரு விநாடியில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் ஓடிவிடும், அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளம். ஆனால் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்குத் தாவுவது அபூர்வம், மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். தலை தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எண்ணெய்க்குள் முங்கி எழ வேண்டுமே! இதனால்தான் இரண்டு வரிசையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற வகையைச் செல் எப்போதும் உள்வரிசையிலேயே வைத்திருக்கும். செல் சாகத் தொடங்கினால் அது வெளி வரிசைக்கு வந்துவிடும், விழுங்கும் செல்கள் அதைக் கண்டு வந்து தின்றுவிடும்.

மாடித்தோட்டம்:
சூட்டைக் குறைத்தால் நின்றுபோகும் என்றீர்களே, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரியா?

ஆய்வகப்பூனை:
அதேதான் மேடம். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம், வால் நேராக இருக்கும், நெருக்கி அடுக்கலாம், 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். நல்லெண்ணெயில் நிறைவுறாதவை அதிகம், வாலில் ஒரு கோணல் இருக்கும், நெருங்காது. குளிர் வந்தால் பாக்டீரியாகூடத் தன் சவ்வில் கோணல் வாலைக் கூட்டிக்கொள்ளும். நம் செல்களில் கொலஸ்ட்ரால் நடுவே செருகி இரண்டு வேலை பார்க்கிறது: சூட்டில் ரொம்ப இளகவிடாது, குளிரில் ரொம்ப இறுகவும் விடாது. கொலஸ்ட்ரால் என்றாலே விஷம் என்று நினைப்பவர்களுக்கு: உங்கள் சிவப்பணுவின் சவ்வில் பாஸ்போலிப்பிட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமான எண்ணிக்கையில் அது இருக்கிறது.

வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கிறதே, அதுவும் இந்தக் கதைதான். வெப்ப நாட்டுப் பழம், 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் சவ்வுகள் இறுகிச் செயலிழந்து கசியும். செல்லுக்குள் தனித்தனி அறையில் இருந்த நொதியும் பீனால் என்ற பொருள்களும் சந்தித்து வினைபுரிய, கருப்பு.

வெண்டைக்காய்:
எல்லாம் சரி. தடுப்பது புரிகிறது. எண்ணெய்ப் படலம் எதையும் விடாது. ஆனால் "தேர்வு" எங்கே? விடாப்பிடியான கதவுக்குத் தேர்வு என்று பெயர் கிடையாது.

இரவுப்பணி:
செவிலியர், பகலில் தூங்காமல் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெண்டைக்காய் சார், எதையும் விடாது என்பது தப்பு. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு சர்வசாதாரணமாகப் போய்வரும். சர்க்கரை அரிதாகத்தான். சோடியம், பொட்டாசியம் அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏந்திய அணுக்கள், அறவே முடியாது, அவை தண்ணீர்ப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கும், அதைக் கழற்றாமல் எண்ணெய்க்குள் நுழைய முடியாது. அந்த முடியாதவற்றுக்குத்தான் புரத வாசல்கள். தேர்வு அங்கேதான் நடக்கிறது.

ஆய்வகப்பூனை:
பொட்டாசியம் வாசலைச் சொல்லியே ஆக வேண்டும். பொட்டாசியம் அயனியைவிடச் சோடியம் அயனி சின்னது. ஆனாலும் அந்த வாசல் பொட்டாசியத்தை விநாடிக்குக் கோடிக்கணக்கில் விடும், சோடியத்தை விடாது. பத்தாயிரத்துக்கு ஒன்று தப்பினால் அதிகம். பெரியது போகும், சின்னது போகாது, எப்படி?

1998-இல் ராட்ரிக் மெக்கின்னன் குழு அந்தப் புரதத்தின் வடிவத்தைப் படம் பிடித்தது. குழாயின் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக இருக்கின்றன. பொட்டாசியம் தன் தண்ணீர்ப் போர்வையைக் கழற்றினால் அதே இடைவெளியில் இந்த ஆக்சிஜன்கள் அதைத் தாங்கிக்கொள்ளும், நஷ்டம் இல்லை. சோடியம் சின்னது என்பதால் எல்லா ஆக்சிஜனையும் எட்டித் தொட முடியாது. போர்வையைக் கழற்றிய நஷ்டத்தை ஈடுகட்ட ஆளில்லை, அதனால் நுழையாமல் வெளியிலேயே நிற்கும். அளவெடுத்துத் தைத்த சட்டை.

வெண்டைக்காய்:
இதை மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை, கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

தீவகத்தான்:
தண்ணியே போறதுக்கும் வாசல் இருக்குது எண்டு கேள்விப்பட்டனான்?

ஆய்வகப்பூனை:
ஆமாம், அக்வாபோரின். தண்ணீர் சவ்வு வழியே மெதுவாகக் கசியும், அது போதும் என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். பீட்டர் ஆக்ரே ரத்த வகையின் ஆர்எச் புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார், கூடவே வேண்டாத ஒரு புரதம் வந்து தொல்லை கொடுத்தது. சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் அது குவிந்து கிடந்தது. தவளை முட்டையில் அந்தப் புரதத்தை உண்டாக்கி, உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டார்கள். சாதாரண முட்டை சும்மா இருந்தது, இது உப்பி வெடித்தது. 1992-இல் வெளியான ஆய்வு, 2003-இல் மெக்கின்னனோடு சேர்ந்து நோபல். ஒரு வாசலில் விநாடிக்கு சுமார் 300 கோடி மூலக்கூறு, ஒற்றை வரிசையில். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றன, இந்த வாசல்கள் இல்லாமல் அது நடக்காது.

இரவுப்பணி:
என் வார்டில் தினமும் பார்க்கும் வாசல் வேறு. பேதி கண்ட குழந்தைக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கும்போது அம்மாக்கள் கேட்பார்கள்: "தண்ணிதானே போச்சு, உப்பும் சக்கரையும் எதுக்கு?"

குடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. அது குளுக்கோஸ் ஒன்றையும் சோடியம் இரண்டையும் சேர்த்துத்தான் உள்ளே விடும், ஒன்று இல்லாமல் மற்றதை விடாது. சோடியம் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் நச்சு குளோரைடு வாசலைத் திறந்துவிடுவதால்தான் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் இந்தச் சர்க்கரை-உப்பு வாசல் பழுதில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஓட்டையை அடைக்காமல், வேறு வாசல் வழியாக நிரப்புகிறோம்.

1960-இல் ராபர்ட் கிரேன் இந்த ஜோடி வாசலைச் சொன்னார். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ்ன் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, ஐவி பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்துக் கொடுத்தார். 30 சதவீதம் இருந்த இறப்பு 3.6-க்கு இறங்கியது.

இப்போதைய பாக்கெட்டில் லிட்டருக்கு குளுக்கோஸ் 75, சோடியம் 75 மில்லிமோல், அதாவது எண்ணிக்கையில் சமமாக. பாக்கெட் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாட்டில் ஜூஸும் கூல்டிரிங்க்ஸும் வேண்டாம், அந்த அளவு சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிடும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது, மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸ் ஆகும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, இதை இத்தனை எளிமையாக நான் நடத்தியதில்லை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். சோடியம் ஏன் உள்ளே போக ஆசைப்படுகிறது? உள்ளே குறைவு, வெளியே அதிகம் என்பதால். அந்தக் குறைவை யார் உண்டாக்கியது? சோடியம்-பொட்டாசியம் பம்பு. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ நண்டுக் கால் நரம்பில் கண்டது, நாற்பது வருஷம் கழித்து 1997-இல் நோபல். கசிவு எப்போதும் இருக்கும், படகில் தண்ணீர் இறைப்பது போல இந்தப் பம்பு ஓயாமல் இறைக்கும். சும்மா படுத்திருக்கும்போதுகூட நாம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இதற்கே போகிறது. அரளியை ஆடு மாடு தின்றால் இதயம் நின்றுபோகிறதே, அதிலுள்ள நஞ்சு பிடித்து நிறுத்துவது இந்தப் பம்பைத்தான்.

வெண்டைக்காய்:
நேரம் கேட்டேன் அல்லவா, கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். நரம்புச் சவ்வின் இரு பக்கத்துக்கும் நடுவே 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் என்று படித்தேன், பொம்மைக் கார் பேட்டரிக்குக்கூடக் காணாது என்று சிரித்தேன். பிறகு 5 நானோமீட்டரால் வகுத்தேன். மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட்! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இந்த எண்ணெய்ப் படலம் அதைவிட நாலு மடங்குக்கு மேல் தாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. இழை எதற்கு என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன்.

மாடித்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளை உட்காரவைத்து ஐந்து டம்ளரில் செய்து பார்த்தோம். ஒரே அளவுத் துண்டு, நன்றாக அலசியது, அரை மணி நேரம்.

பச்சைத் தண்ணீர்: கிட்டத்தட்ட தெளிவு. கை பொறுக்கும் வெந்நீர்: லேசாக. கை வைக்க முடியாத சூடு: அடர் சிவப்பு. நாலாவதில் ராத்திரி ஃப்ரீசரில் வைத்த துண்டைப் பச்சைத் தண்ணீரில் போட்டோம், அதுவும் அடர் சிவப்பு, சூடே படவில்லை! ஐந்தாவதில் கைக்குப் போடும் சானிடைசர், மெல்ல மெல்லச் சிவந்தது.

ஆய்வகப்பூனை:
பிரமாதம் மேடம். ஃப்ரீசரில் பனி ஊசிகள் சவ்வைக் குத்திக் கிழித்திருக்கும். சானிடைசரில் ஆல்கஹால், அது கொழுப்பைக் கரைத்துப் புரதத்தையும் குலைக்கும். கொழுப்பு உறை போர்த்திய கொரோனா மாதிரி வைரஸ்கள் சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் ஒழிவது இதனால்தான். ஆறாவது டம்ளரில் கெட்டியான உப்புக் கரைசல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், துண்டு துவண்டு போகும், சாயம் எவ்வளவு வருகிறது என்று முன்கூட்டியே ஊகித்து எழுதட்டும்.

மாடித்தோட்டம்:
துண்டு துவளும், சாயம் அதிகம் வராது என்று எழுதிவைத்திருக்கிறாள். வெங்காயத் தயிர்ப்பச்சடியில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுவது போலத் தண்ணீர் மட்டும் வரும், சவ்வு உயிரோடு இருக்கும்வரை நிறமி தாண்டாது என்று காரணமும். நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று, பொரியலுக்கு இனிமேல் பீட்ரூட்டைத் தோலோடு முழுசாக வேகவைத்துவிட்டுத்தான் நறுக்கப்போகிறேன். கத்தி கிழிக்கும் செல் குறைவு, சாயம் பாத்திரத்தோடு போகாது. என் மாமியார் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், அவரிடம் இந்த இழையைக் காட்டப்போவதில்லை.